அம்மாயி 'ஊர்' என்று சொன்னது எதை?

என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே இருந்தவரைக்கும் அவருக்கு 'ஊர்' என்றால் திருச்சிப் பக்கத்துத் துறையூர். அந்தத் துறையூரை அவர் கண்ணால் பார்த்ததில்லை. அவருடைய தாத்தா அங்கிருந்து கிளம்பி வந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள், அவ்வளவுதான். 1974ல், ஐம்பது வயதை நெருங்கும்போது, குடும்பத்தோடு கப்பலேறி இந்தியா வந்தார். அதற்குப் பிறகு கோத்தகிரியில் வாழ்ந்த முப்பது வருஷமும் "ஊருல இந்நேரம் மழ புடிச்சிருக்கும்" என்று அவர் சொன்னால், அது தலவாக்கலை. துறையூர் அந்தச் சொல்லிலிருந்து சத்தமில்லாமல் இறங்கிப் போய்விட்டது.

சிறுபிள்ளையாக இதைக் கேட்டு வளர்ந்த எனக்கு அது ஒரு கிழவியின் மறதி என்றுதான் தோன்றியது. பிறகு விசாரித்துப் பார்த்தால், அக்கரையிலிருந்து வந்த குடும்பங்களில் பாதிக்கு மேல் இதே கதை. வளர்ந்த இடம் ஒருவரை எப்படி ஆக்குகிறது என்று கேட்பவர்களுக்கு, இலங்கைத் தோட்ட மலைகளில் குடியேறிய மலையகத் தமிழரின் வரலாற்றைத்தான் நான் காட்டுவேன். ஏனென்றால் இங்கே இரண்டு அரசுகள் எதிரெதிரே உட்கார்ந்து, ஏறக்குறைய பத்து லட்சம் பேரை நீ இந்த நாடு, நீ அந்த நாடு என்று எண்ணிக்கை போட்டுப் பிரித்தன. பிரிக்கும்போது அவை பார்த்தது பாட்டன் பூட்டன் எங்கிருந்து வந்தான் என்பதை. அந்த மனிதர்கள் எங்கே வளர்ந்தார்கள் என்பது கணக்கிலேயே வரவில்லை.

முதலில் அவர்கள் அங்கே எப்படிப் போனார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1820களில் இலங்கை மலைகளில் ஆங்கிலேயர் காப்பி பயிரிடத் தொடங்கினார்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம், மதுரைப் பக்கங்களிலிருந்து கங்காணிமார் ஆள் கட்டிக் கூட்டிப்போனார்கள். காப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில்தான் அதிக ஆள் வேண்டும். அதனால் வந்தவர்களில் பலர் வேலை முடிந்ததும் திரும்பிப் போனார்கள், அடுத்த வருஷம் மறுபடி வந்தார்கள். அவர்களுக்கு ஊர் ஊராகவே இருந்தது, தோட்டம் வேலைத்தலமாகவே இருந்தது. 1869ல் காப்பி இலையில் பூஞ்சை நோய் விழுந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையை வணிகப் பயிராக நட்டிருந்தார். காப்பி அழிந்த இடமெல்லாம் தேயிலை வந்தது. தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும், அதுவும் வாரம் தவறாமல். ஆகவே ஆளும் வருஷம் முழுக்க அங்கேயே இருக்க வேண்டும். ஆண்கள் மட்டும் போதாது, பெண்களும் வேண்டும். குடும்பம் குடும்பமாகத் தங்கினார்கள். பிள்ளைகள் அங்கே பிறந்து அங்கேயே வளர ஆரம்பித்தது இப்படித்தான். ஒரு செடியின் இயல்பு ஒரு சமூகத்தின் இயல்பைத் தீர்மானித்துவிட்டது என்று சொன்னால் மிகையில்லை.

தோட்டத்தை மற்ற ஊர்களோடு சேர்த்து எண்ண முடியாது. ஒரு கிராமத்தில் பிள்ளை வளரும்போது பக்கத்து ஊர்ச் சந்தை, பல தொழில் செய்கிறவர்கள், வந்துபோகிற சொந்தங்கள் என்று நாலு உலகம் அதன் மேல் படும். தோட்டத்தில் எல்லாமே ஒரே எல்லைக்குள். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயம். அதில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா, முன்னால் சின்ன இஸ்தோப்பு. குளிக்கவும் குடம் நிரப்பவும் பீலி. பள்ளிக்கூடம் தோட்டத்துடையது, மருந்து கொடுப்பவர் தோட்டத்து ஆள், மாரியம்மன் கோயில் தோட்டத்துக் கோயில். இருட்டு விலகுமுன் தப்பு அடிக்கும் சத்தம் கேட்கும். பெரியவர்கள் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்கு ஓடுவார்கள். கைப்பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு அம்மாமார் கூடையும் இடுப்பில் படங்குச் சாக்கும் கட்டி மலை ஏறுவார்கள். நேரம், சாப்பாடு, தூக்கம், பயம் எல்லாவற்றையும் ஒரே வேலை அளந்து கொடுத்தது.

அந்த இடத்தின் சொற்களைக் கவனித்தாலே போதும். ஒரு நாள் கூலிக்கு அங்கே 'பேர்' என்று பெயர். குறித்த அளவு கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். "இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?" என்று மாலையில் ஒருவரையொருவர் கேட்பார்கள். செக்ரோல் என்ற தோட்டத்து வேலைப் பதிவேட்டில் தன் பெயர் ஏறியதா என்பதிலிருந்து வந்த சொல் அது. ஒரு மனிதனின் பெயரையும் அவன் நாள் கூலியையும் ஒரே சொல்லில் வைத்த இடத்தில் வளர்கிற பிள்ளைக்கு, 'நான் யார்' என்ற கேள்வி கேட்கத் தெரியுமுன்பே அதற்கு ஒரு பதில் கிடைத்துவிடுகிறது. எனக்கு இது நெஞ்சை அழுத்துகிற விஷயம். அம்மாயி எண்பது வயதிலும் சும்மா இருந்த நாளை "இன்னைக்கு எனக்குப் பேர் இல்ல" என்றுதான் சொல்வார்.

1978ல் ஹெரால்ட் புரோஷான்ஸ்கி என்ற அமெரிக்க உளவியலாளர் 'இட அடையாளம்' என்ற கருத்தை முன்வைத்தார். ஒருவரின் சுயம் பெற்றோர், மொழி, மதம் போன்றவற்றால் மட்டும் ஆவதில்லை. அவர் புழங்கிய வீடு, தெரு, பள்ளி பற்றிய நினைவுகளும் உணர்வுகளும் பழக்கங்களும் சேர்ந்து அவரின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகின்றன என்பது அதன் சாரம். அதில் ஒன்றை நம் ஆட்கள் அடிக்கடி தவறவிடுகிறார்கள். வளர்ந்த இடம் நல்ல இடமாக இருந்தால்தான் அது நம்மை ஆக்கும் என்பதில்லை. லயம் நல்ல இடம் அல்ல. புகை மண்டிய ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுத்த இடம் அது. துரை வரும் வழியில் நின்றால் ஒதுங்கிக் குனிந்து நிற்க வேண்டிய இடம். ஆனாலும் அம்மாயியை ஆக்கியது அதுதான். கோத்தகிரியில் ரேஷன் விஷயமாக ஒரு அலுவலர் வீட்டுக்கு வந்தபோது, அவர் எவ்வளவு சொல்லியும் அம்மாயி நாற்காலியில் உட்காரவில்லை. சுவரோடு ஒட்டி நின்றே பேசினார். தோட்டத்தை விட்டு வந்து அப்போது இருபது வருஷம் ஆகியிருந்தது.

இடம் என்று நான் சொல்லும்போது பூர்வீகம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது. மாரியம்மனும், பொன்னர் சங்கர் கதையும், காமன் கூத்தும் அவர்கள் மூட்டையில் கட்டிக்கொண்டு போனவை. தமிழகத்தின் பல பகுதிகளில் மங்கிப்போன காமன் கூத்து மலையகத் தோட்டங்களில் மாசி, பங்குனியில் இன்றும் ஆடப்படுகிறது. சாதியும் கூடவே போனது. கங்காணிமார் பெரும்பாலும் மேல்சாதிகளாகவும் கூலிகளில் பெரும்பான்மையினர் ஒடுக்கப்பட்ட சாதிகளாகவும் இருந்தார்கள். ஆனால் போன பொருள் போன இடத்துக்கு ஏற்ப மாறியது. பேச்சில் திருச்சி, சேலத்து வாசனை இருக்கும். நடுவே காம்பராவும் பாணும் போத்தலும் சல்லியும் லாம்பெண்ணெயும் புகுந்திருக்கும். போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், சிங்களவர், ஆங்கிலேயர் எல்லோருடைய சொல்லும் கலந்த தமிழ் அது. யாழ்ப்பாணத்தார் பேசுவது போலவும் இராது, துறையூர்க்காரர் பேசுவது போலவும் இராது.

இந்த மக்களைத்தான் சுதந்திர இலங்கை பிறந்த வருஷமே கைவிட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டப்படி வம்சாவழிக் குடியுரிமைக்கு, தகப்பன் இலங்கையில் பிறந்தவன் என்றோ, தகப்பன் வழியில் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டும். லயத்துப் பிறப்புகளுக்குச் சரியான பதிவே இல்லாத காலத்தில் எங்கே போய்க் காட்டுவது? ஏழு லட்சம் பேர் வரை நாடற்றவர்களானார்கள். அடுத்த வருஷமே வாக்குரிமையும் போனது. சட்டம் கேட்டது நீ எங்கே பிறந்தாய் என்று அல்ல. உன் பூட்டன் எங்கே பிறந்தான் என்று.

1964 அக்டோபர் 30ல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் இதே பார்வையின் தொடர்ச்சி. மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். 1974ல் இந்திரா காந்தி காலத்தில் அந்த மீதியை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். யாரும் தோட்டத்துக்குப் போய் உங்கள் விருப்பம் என்ன என்று முதலில் கேட்கவில்லை. எண்ணை முடிவு செய்துவிட்டு, அப்புறம் மனு வாங்கினார்கள்.

அந்த மனுக்கள்தான் எனக்கு மிக முக்கியமான சாட்சி. 1970ல் மனுவுக்கான கெடு முடிந்தபோது இந்தியக் குடியுரிமை கேட்டவர்கள் இந்தியாவுக்கு ஒதுக்கிய 5,25,000 பேர் அளவுக்குக்கூட வரவில்லை. மூன்று லட்சம் பேருக்கு மட்டுமே இடம் இருந்த இலங்கைக் குடியுரிமைக்கு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கேட்டிருந்தார்கள். வாக்கு இல்லை, நாடு இல்லை, காம்பரா சொந்தமில்லை. இந்த நிலையிலும் பெரும்பான்மையினர் 'நாங்கள் இங்கேதான்' என்று எழுதிக் கொடுத்தார்கள். வளர்ந்த இடம் என்பது வெறும் ஏக்கம் இல்லை, ஒரு முடிவு எடுக்கும் நேரத்தில் அது எவ்வளவு கனமாக நிற்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு ஆய்வு காட்டிவிட முடியாது.

இந்தியா வந்தவர்கள் எல்லோரும் விரும்பி வந்தவர்களும் அல்ல. 1973, 74ல் தோட்டங்களில் கடும் பஞ்சம். அரிசியும் மாவும் கிடைக்காமல் ஜனங்கள் டவுனுக்கு வந்து கையேந்தினார்கள். அதே காலத்தில் தோட்டங்கள் அரசுடைமையாகி, பல இடங்களில் தொழிலாளர்கள் விரட்டப்பட்டார்கள். எங்கள் தாத்தா 1960களின் கடைசியில் இந்தியாவுக்கு மனுப் போட்டிருந்தார். அவருடைய தம்பி இலங்கைக்குப் போட்டிருந்தார். ஒரே காம்பராவில் படுத்து வளர்ந்த இரண்டு பேர். பாஸ்போர்ட் வந்த பிறகும் தாத்தா நாலு வருஷம் இழுத்தடித்தார் என்று அம்மா சொல்வார்; பஞ்சம் வந்துதான் கிளப்பியது. தலவாக்கலை ஸ்டேஷனில் அண்ணனும் தம்பியும் கட்டிப் பிடித்து அழுததோடு சரி, அவர்கள் மறுபடி சந்திக்கவே இல்லை.

தலைமன்னாரிலிருந்து 'ராமானுஜம்' கப்பலில் ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். மண்டபம் முகாம் என்றால் இன்று அகதிகள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் அந்த முகாம் ஒரு காலத்தில் இலங்கைக்குப் போகும் கூலிகளை நோய் பார்த்து அனுப்புவதற்காக இலங்கை அரசே நடத்தியது. அந்த வழியாகக் கூலியாகப் போனவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் அதே வழியாக 'தாயகம் திரும்பியோர்' என்ற பெயரில் வந்தார்கள். இந்தச் சொல் எனக்கு எப்போதுமே நெருடும். இதற்கு முன் ஒரு முறைகூட வந்திராத இடத்துக்கு எப்படித் திரும்ப முடியும்?

நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படி வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களை எங்கே குடியமர்த்துவது என்று அரசு யோசித்தபோது மறுபடி பூர்வீகம்தான் அடிப்படையானது. பெரும்பாலோருக்குக் கொடுத்தது வியாபாரக் கடன். பூர்வீக மாவட்டத்திலோ வேறு சமவெளி ஊரிலோ கடை வைத்துப் பிழைத்துக்கொள் என்று அர்த்தம். எங்கள் குடும்பத்தையும் திருச்சிப் பக்கம் ஒரு ஊருக்கு அனுப்பினார்கள். சட்டப்படி பார்த்தால் அவர்கள் சொந்த மண்ணுக்கு வந்துவிட்டார்கள். தாத்தாவுக்குத் தராசு பிடிக்கத் தெரியாது. அம்மாயிக்கு வெயில் தாங்கவில்லை. யாஸ் குனோ என்ற ஜப்பானிய உடலியலாளர் ஒன்றைக் கண்டறிந்து எழுதியிருக்கிறார்: உடம்பில் இருக்கும் வியர்வைச் சுரப்பிகளில் எத்தனை வேலை செய்யத் தொடங்கும் என்பதைப் பிறந்த முதல் இரண்டு மூன்று வருஷங்களில் படும் சூடு முடிவு செய்கிறது, அதற்கு மேல் அந்த எண்ணிக்கை மாறாது. தேயிலை மலையின் குளிரில் அந்த வருஷங்களைக் கழித்த உடம்பு சித்திரை மாதத்துத் திருச்சியில் என்ன பாடு பட்டிருக்கும் என்று இதைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. உள்ளூர்க்காரர்கள் அவர்களைச் சோம்பேறிகள் என்றார்கள்.

ஒரு வருஷத்துக்குள் கடை போய்விட்டது. கோத்தகிரியிலிருந்து கூடப்பிறந்தவர் ஒருவரின் கடுதாசி வந்தது: இங்கே மலை இருக்கிறது, கொழுந்து இருக்கிறது, குளிர் இருக்கிறது, வாருங்கள். இப்படி ஒரு கடுதாசி, அதைப் பின்பற்றி இன்னொன்று என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சமவெளியை விட்டுவிட்டு நீலகிரிக்கு ஏறின. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் அரசே தேயிலை நட்டு வேலை கொடுத்தது. 1968ல் வனத்துறையின் கீழ் தொடங்கிய அந்தத் திட்டம் 1976ல் டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) என்ற தனிக் கழகமாக இயங்கத் தொடங்கியது. சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம், பாண்டியார் என்று அதன் தோட்டங்கள். ஆனால் கோத்தகிரிப் பக்கம் வந்த பலரை யாரும் அனுப்பவில்லை. அவர்களாகவே தேடிக்கொண்டு வந்து, உள்ளூர் மக்களான படகர்களின் சிறு தோட்டங்களில் கூலிக்குச் சேர்ந்து, புறம்போக்கில் குடிசை போட்டார்கள். அரசாங்கம் பூட்டனின் ஊருக்கு அனுப்பியது. உடம்பும் கைவிரலும் தாங்கள் வளர்ந்த இடத்துக்கு ஒப்பான ஒன்றைத் தேடிப் போயின.

கோத்தகிரி தலவாக்கலையைப் போலத் தோன்றியதே தவிர, தலவாக்கலை ஆகிவிடவில்லை. அம்மாயி முதலில் கண்டுபிடித்த வித்தியாசம் மழை. தலவாக்கலைக்கு மழை தென்மேற்குப் பருவத்தில், வைகாசி, ஆனியில் பிடித்துக்கொள்ளும். கோத்தகிரி நீலகிரியின் கிழக்குச் சரிவு. தொட்டபெட்டா மறைப்பதால் தென்மேற்கு மழை அங்கே அவ்வளவு வராது, ஐப்பசி கார்த்திகையில்தான் கொட்டும். அம்மாயி வருஷா வருஷம் ஆனி பிறந்ததும் விறகை உள்ளே எடுத்து அடுக்குவார். மழை வராது. "இந்த மல பொய் சொல்லுது" என்பார். கடைசிவரை அந்த விறகு ஆனியில்தான் உள்ளே போனது. சாமான்களின் பெயரும் வேறு. அங்கே கங்காணி, இங்கே மேஸ்திரி. அங்கே லயம், இங்கே லைன்.

எங்கள் வீட்டிலேயே மூன்று வெவ்வேறு வயதில் வந்தவர்கள் இருந்தார்கள். அம்மாயிக்கு ஐம்பது, அம்மாவுக்குப் பன்னிரண்டு, மாமாவுக்கு நாலு. ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு, ஒரே கப்பல். ஆனால் மூன்று பேரும் மூன்று இடத்து ஆட்களாக ஆனார்கள். மாமா படகர் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தார். அவர்கள் மொழியான படுகு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. படகர்களே முதலில் அவரைத் தங்கள் ஆள் என்று நினைத்துப் பேச ஆரம்பிப்பார்கள். இலங்கை என்றால் அவருக்கு ஒரு நீண்ட கப்பல், ஒரு ஆரஞ்சு மிட்டாய், அவ்வளவுதான். அம்மாயி பேச்சில் ஒரு எழுத்து மாறவில்லை. அம்மா நடுவில் மாட்டிக்கொண்டார். வெளியே கோத்தகிரித் தமிழ், கோபம் வந்தாலோ பிள்ளையைக் கொஞ்சினாலோ தோட்டத்துத் தமிழ்.

மொழியியலில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. கனடாவிலிருந்து தெற்கு இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த பிள்ளைகளின் பேச்சை ஜாக் சேம்பர்ஸ் என்ற மொழியியலாளர் ஆராய்ந்து 1992ல் வெளியிட்டார். ஏழு வயதுக்குள் போன பிள்ளை புதிய ஊரின் பேச்சை ஏறக்குறைய முழுதாகப் பிடித்துக்கொள்ளும். பதினாலு வயதுக்கு மேல் போனால் அநேகமாகப் பிடிபடாது. இடைப்பட்ட வயதில் ஆளுக்கு ஆள் மாறும் என்று அவர் கண்டார். மாமாவும் அம்மாயியும் அம்மாவும் அந்த மூன்று வரிசையிலும் அப்படியே உட்காருகிறார்கள். காரணமும் விளங்கக்கூடியதுதான். சின்னப் பிள்ளை யாரோடு விளையாட வேண்டுமோ அவர்களைப் போலப் பேசும். பதினாலில் வந்த பிள்ளைக்குத் தான் யார் என்பது ஓரளவு முடிவாகியிருக்கும்; அதை விட்டுக்கொடுப்பது தோற்றுப்போவது போல இருக்கும். பேச்சுக்குச் சொன்ன இது பேச்சோடு நிற்பதில்லை என்பது என் எண்ணம். எந்தச் சத்தம் கேட்டால் விழிப்பு வரும், யாரைக் கண்டால் எழுந்து நிற்போம், எந்த வாசனை பசியைக் கிளப்பும், இவையும் அதே வயதுகளில்தான் பதிகின்றன. அம்மாவுக்குச் சாயத்தண்ணி, அதாவது பால் விடாத தேத்தண்ணி, என்றால் கட்டாயம் உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வேண்டும். நக்கிக்கொண்டே குடிப்பார். டம்ளரில் சீனி போட்டுக் கலக்கிய தேத்தண்ணி அவருக்குத் தேத்தண்ணியே இல்லை.

இதுவரை சொன்னது உள்ளிருந்து ஆகும் அடையாளம். வெளியிலிருந்து ஒட்டப்படுவது இன்னொன்று. இலங்கையில் அரசு ஏட்டில் அவர்கள் 'இந்தியத் தமிழர்'. நீலகிரி வந்ததும் 'சிலோன்காரங்க'. இரண்டு இடத்திலும் அவர்களுக்கு வைத்த பெயர் அவர்கள் அப்போது இல்லாத இடத்தின் பெயர். இதில் பள்ளிப் பிள்ளைகள் பட்டது அதிகம். அம்மாவை ஏழாம் வகுப்பில் சேர்த்தபோது வருகைப் பதிவேட்டிலேயே பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் 'சிலோன்' என்று எழுதியிருந்தார்களாம். என் காலத்தில் அது சாதிச் சான்றிதழாக வந்தது. பூர்வீகக் கிராமம் எது, அங்கே உறவினர் யார், அவர்களின் சான்று எங்கே என்று கேட்டார்கள். மூன்று தலைமுறைக்கு முன் விட்டுவந்த கிராமத்தில் யாரைத் தெரியும்? சான்றிதழ் இல்லாமல் படிப்பை நிறுத்திய பிள்ளைகளை எனக்கே தெரியும். நீலகிரி முழுக்கத் தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு இது பல காலமாக இருக்கும் சிக்கல். அரசு ஒப்பந்தத்தில் இருந்த அதே கேள்வி, பூட்டன் எங்கே என்ற கேள்வி, தாலுகா அலுவலக ஜன்னலில் வந்து நின்றது.

அக்கரையில் தங்கிவிட்டவர்கள் வேறொரு வழியில் போனார்கள். 1960களில், ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் ஆசிரியராக இருந்த இர. சிவலிங்கம் போன்றவர்களும் அவர்களிடம் படித்த இளைஞர்களும் தங்களை மலையகத்தார் என்று அழைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். எங்கிருந்து வந்தோம் என்பதைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டு எங்கே இருக்கிறோம் என்பதை வைத்தார்கள். சாதாரணமாகத் தோன்றும், ஆனால் ஒரு சமூகமே உட்கார்ந்து யோசித்துத் தன் பெயரை மண்ணிலிருந்து எடுத்தது அது. சட்டம் அந்த இடத்துக்கு வந்து சேர நாற்பது வருஷம் பிடித்தது. 2003ல் இலங்கை நாடாளுமன்றம் நிறைவேற்றிய 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30லிருந்து இலங்கையில் நிரந்தரமாக வசித்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் குடியுரிமை கொடுத்தது. தேதியைக் கவனியுங்கள், ஒப்பந்தம் கையெழுத்தான அதே நாள். ஆனால் இந்தத் தடவை கேட்ட கேள்வி வேறு: நீ எங்கே இருந்தாய்?

2023ல், மலைக்கு வந்து இருநூறு ஆண்டு என்று, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். முதல் கூலிகள் காட்டு வழியில் நோயிலும் பசியிலும் செத்து விழுந்துகொண்டே நடந்த பாதை அது. அந்தப் படங்களைக் கைபேசியில் அம்மாவுக்குக் காட்டினேன். ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னத் தாத்தா வீட்டு ஆட்கள் யாராவது தெரிகிறார்களா என்று தேடியிருக்கிறார்.

இங்கே நீலகிரியில் கதை இன்னொரு திருப்பத்தில் நிற்கிறது. டான்டீ நஷ்டத்தில் ஓடுகிறது. 2022ல் அதன் தேயிலை நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. ஓய்வு பெற்ற தொழிலாளி லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அங்கே நாற்பது ஐம்பது வருஷம் இருந்தவர்கள், அங்கேயே பிள்ளை பெற்று வளர்த்தவர்கள், மறுபடி எங்கே போவது என்று கேட்கிறார்கள். யானையும் காடும் முக்கியம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த மலைகளில் வளர்ந்த பிள்ளைகளும் அந்த மலைகளின் ஆட்கள்தான் என்பதை மனதில் வைத்து மாற்று வீடும் பட்டாவும் முதலில் கொடுத்துவிட்டு மற்றதைப் பேச வேண்டும். ஒரு தடவை கணக்குப் போட்டுப் பிரித்ததற்கு எங்கள் வீடுகள் கொடுத்த விலை போதும்.

பிள்ளைகளில் பெரும்பாலோர் இப்போது கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். என் சித்தி மகன் சேரம்பாடி லைனில் பிறந்து வளர்ந்தவன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். போன பொங்கலுக்கு முந்தின நாள் போன் செய்தபோது பஸ்ஸில் இருந்தான். எங்கே போகிறாய் என்று கேட்டேன்.

"ஊருக்குத்தாண்ணே" என்றான். கூடலூர் தாண்டிவிட்டதாம், ஜன்னலைத் திறந்தால் குளிர் அடிக்கிறதாம்.